நீல விளக்கு அணையாத வண்டி

"அண்ணே, மைலேஜ் பாதியா விழுந்துடுச்சு. பிளக் மாத்திட்டேன், ஏர் ஃபில்டர் மாத்திட்டேன், ஒண்ணும் வேலைக்காவல" என்று ராயபுரத்துத் தம்பி ஒருவர் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். தினமும் கும்மிடிப்பூண்டி போய்வருகிறவர். வேறு ஏதாவது தொல்லை உண்டா என்று கேட்டேன். "நீல விளக்கு ரொம்ப நேரம் எரியுது. ஹைவேல போனா மறுபடி வரும். சிவப்பு எரிஞ்சாதானேண்ணே பயம்?"

சிவப்பு எரிந்தால் என்ஜின் கொதிக்கிறது, நீலம் எரிந்தால் இன்னும் சூடேறவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் என்ஜின் கொதித்தால்தான் பதறுவோம். குளிர்ப்பிரதேசத்தில் என்றால், என்ஜின் சூட்டை வாங்கி ஓடும் ஹீட்டர் சுடவில்லை என்றதும் கோளாறு அன்றைக்கே தெரிந்துவிடும். நாம் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியே இருக்க மாட்டோம்.

என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும். உள்ளே இருப்பது மெழுகு. பல வண்டிகளில் 82, 88 டிகிரி வாக்கில் அது உருகி விரிந்து வழிவிடும். அதுவரை என்ஜினை ஆற்றும் திரவமான கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகக் கூடாது.

வண்டியை இரவு பட்டறையிலேயே நிறுத்தச் சொல்லி, காலையில் முதலில் வண்டியின் சென்சார் கணக்குகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். ஆறிக் கிடக்கும் வண்டியில் கூலன்ட் சூடும் உள்ளே இழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மார்கழி விடியலில் கூலன்ட் 5 டிகிரி என்று காட்டினால் பொய் சொல்வது சென்சார் அல்லது அதன் ஒயர். இதில் இரண்டும் ஒத்துப்போயின. ஏசி போடாமலே ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்றும் பார்த்தேன், இல்லை. பிறகு ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்தேன். நல்ல வால்வு என்றால் ஹோஸ் சில நிமிஷம் சில்லென்று கிடந்து, அப்புறம் சட்டென்று சுடும். இதில் ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பு. காசிமேட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது 75 வரை ஏறிய சூடு, மாதவரம் தாண்டி வேகம் பிடித்ததும் 50க்கு இறங்கியது. என்ஜின் போதிய சூடு ஏறவில்லை என்று சொல்லும் பி0128 கோளாறு கோடும் ஸ்கேனரில் வந்திருந்தது.

திறந்தபடி சிக்கிய வால்வாக இருக்கும் என்று கழற்றினால், உள்ளே வால்வே இல்லை!

முன்பு வண்டி கொதித்தபோது யாரோ, "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று எடுத்துப் போட்டிருக்கிறார்கள். திட்ட எனக்கு வாய் வரவில்லை. தொழில் கற்ற நாளில் நானும் எடுத்து எறிந்தவன்தான். ஆனால் இன்றைய வண்டியில் என்ஜின் ஆறியே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ என்ற என்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். அது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஈரமும் ஆவியாகாது. இவர் வண்டியின் ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் பசை படிந்திருந்தது. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால், போதிய சூடு இல்லாமல் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி தன் கரியை எரிக்காமல் அடைத்துக்கொள்ளும்.

அன்று கொதித்த காரணம் ரேடியேட்டரில் இருந்தது. கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்பு படிந்து பாதி அடைப்பு. அதை விட்டுவிட்டு வால்வு மட்டும் போட்டிருந்தால் மறுபடி கொதித்திருக்கும். ரேடியேட்டரை மாற்றி, ஆயிலையும் மாற்றினேன். புது வால்வைப் பொருத்துமுன் நூலில் கட்டி, டீக்கடை அடுப்பில் கொதிக்கும் வெந்நீரில் இறக்கி, அது வாய் திறப்பதைத் தம்பிக்குக் காட்டினேன்.

மறுநாள் காலை போன் செய்தார். தெருமுனை திரும்புமுன்னே நீல விளக்கு அணைந்துவிட்டதாம். மைலேஜை ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.