ஒரு தொலைபேசி, நாற்பது அட்டைகள்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "பயிற்சிப் பட்டறையில் எங்களுக்கு ஆளுக்கொரு காகித அட்டை கொடுத்தார்கள். கேள்வி கேட்டதும் அட்டையைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார்கள். பயிற்றுநர் தன் தொலைபேசியை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒருமுறை காட்டினார். யார் என்ன விடை சொன்னோம் என்பது திரையில் வந்துவிட்டது. அட்டையில் பற்றரியும் இல்லை, வயரும் இல்லை. இது எப்படி நடக்கிறது? போட்டோ கொப்பி அடித்தாலும் வேலை செய்யுமா?"

அவர் பார்த்தது பெரும்பாலும் பிளிக்கர்ஸ் என்ற மென்பொருளாக இருக்கும். வகுப்பில் ஒரேயொரு தொலைபேசி, அதுவும் ஆசிரியருடையது, இருந்தால் போதும் என்பதால் மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறைத் தொழில்நுட்பம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிக்னல் தேடிக் குன்றேறிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். பிள்ளைக்கு ஒரு கருவி என்று தொடங்கும் எந்தத் திட்டமும் இங்கே முதல் வாரத்திலேயே நொண்டும்.

அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன ஒரு கோலம் அச்சிடப்பட்டிருக்கும். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் மிகச் சிறிதாக இருக்கும். எந்த எழுத்து மேலே இருக்கும்படி பிடிக்கிறீர்களோ, அதுதான் உங்கள் விடை. எழுத்து சிறியது, ஒவ்வோர் அட்டையின் கோலமும் வேறு. ஆகவே பக்கத்துப் பிள்ளையின் அட்டையை எட்டிப் பார்த்துக் காப்பியடிப்பது எளிதல்ல.

ஓர் உதாரணக் கேள்வி. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் நீர் எத்தனை பாகை செல்சியஸில் கொதிக்கும்? ஏ: 100. பி: குளிர் பிரதேசம் என்பதால் 100ஐ விடக் கூட. சி: ஏறத்தாழ 94. டி: அடுப்பின் சூட்டைப் பொறுத்தது. சரியான விடை சி. வளியமுக்கம் பற்றிய பாடம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் பி என்று பிடிக்கும் கைகள் நிறைய இருக்கும்.

இனி, இத்தகைய மென்பொருள்களில் பொதுவாகத் தொலைபேசிக்குள் நடப்பது. கமரா எடுத்த படத்தை மென்பொருள் முதலில் சாம்பல் நிறமாக்கி, பிறகு வெறும் கறுப்பு வெள்ளையாக்குகிறது. எதைக் கறுப்பு என்பது, எதை வெள்ளை என்பது? படம் முழுவதற்கும் ஒரே எல்லைக்கோடு போட்டால் நம் பள்ளிக்கூடங்களில் அது தோற்றுவிடும். தடுப்புச் சுவரில்லாத பழைய தோட்டப் பள்ளி மண்டபங்களில் யன்னலோரம் வெளிச்சம் கண்ணைக் கூசும். நடுவரிசை இருட்டில் இருக்கும். பனிமூட்டம் இறங்கினால் கேட்கவே வேண்டாம். யன்னலோரத்துக் கறுப்பு, நடுவரிசை வெள்ளையைவிடப் பிரகாசமாகக்கூட இருக்கலாம். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தின் சராசரியோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பதைவிட இருண்டிருந்தால் கறுப்பு, அவ்வளவுதான்.

அடுத்து நான்கு மூலைகள் கொண்ட உருவங்களைத் தேடி, சாய்ந்தும் குறுகியும் தெரிவதைச் சதுரமாக நிமிர்த்தி, கட்டம் கட்டமாக வாசிக்கிறது. கடைசி வாங்கு வரை தெரியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மீற்றர் தூரத்தில் சாதாரணத் தொலைபேசிக் கமராவின் பார்வை அகலம் ஏறத்தாழ 7.5 மீற்றர். வீடியோப் படத்தின் அகலம் 1920 பிக்சல். அந்த அகலத்தில் 15 சென்ரிமீற்றர் கோலம் ஒன்றுக்குக் கிடைப்பது 38 பிக்சல். சட்டகத்தையும் சேர்த்துக் குறுக்கே ஏழு கட்டங்கள் என்றால் கட்டத்துக்கு ஐந்து பிக்சல் வருகிறது. தாராளம்.

இதுவரை சொன்னது கமரா வேலை. எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது: கோலத்தை எப்படித் தெரிவு செய்வது?

ஐந்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 25 கட்டங்கள், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. மொத்தம் 3 கோடியே 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோலங்கள். ஓர் அட்டையை நான்கு விதமாகத் திருப்பலாம், நான்குமே வேறுவேறாகத் தெரிய வேண்டும். 6 என்று எழுதிய அட்டையைத் தலைகீழாக்கினால் 9 ஆகிவிடுவது போன்ற விபத்து நேரக்கூடாது. நான்கால் வகுத்தாலும் 84 இலட்சம் அட்டைகள் அளவில் மிஞ்சும். நமக்குத் தேவை நாற்பது. ஏன் இவ்வளவு பெரிய கட்டம்?

பெருவிரல்தான் காரணம். பிள்ளை அட்டையைப் பிடிக்கும்போது ஒரு கட்டம் மறையும். கடதாசி ஈரத்தில் சுருளும். மின்குமிழின் ஒளி பட்டு ஒரு கறுப்புக் கட்டம் வெள்ளையாக மினுங்கும். 7ஆம் இலக்க அட்டைக்கும் 19ஆம் இலக்க அட்டைக்கும் ஒரேயொரு கட்டம்தான் வித்தியாசம் என்றால், ஒரு பெருவிரல் பட்டதும் ஒருவரின் விடை மற்றவர் கணக்கில் விழுந்துவிடும்.

ஆகவே அட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைக்கிறார்கள். இங்கே தூரம் என்பது, இரண்டு கோலங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எத்தனை கட்டங்களில் நிறம் மாறுபடுகிறது என்ற எண்ணிக்கை. எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது ஏழு கட்டங்களாவது மாறுபட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வோம். மூன்று கட்டங்கள் கெட்டாலும் அந்த அட்டை தன் உண்மையான கோலத்திலிருந்து மூன்று கட்டத் தூரம்தான் விலகியிருக்கும். வேறு எந்தக் கோலத்திலிருந்தும் நான்கு கட்டத் தூரமாவது தள்ளியே நிற்கும். மிக அண்மையில் இருப்பது எது என்று பார்த்தால் சரியான பிள்ளை கிடைத்துவிடும். இதே விதியை ஓர் அட்டையின் நான்கு திருப்பல்களுக்கும் இடையே போட்டுவிட்டால், பிள்ளை யார் என்பதோடு அவர் சொன்ன விடையும் பத்திரமாகிறது. நாற்பது அட்டை, நான்கு திருப்பல், 160 வரிகள் கொண்ட ஒரே அட்டவணை. அதில் ஒருமுறை தேடினால் பெயரும் விடையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. இந்தச் சிக்கனம்தான் எனக்குத் தீராத மகிழ்ச்சி தருவது.

இப்படிப்பட்ட அட்டைக் குடும்பங்களை ரோபோக்களுக்காக வெளிப்படையாகவே செய்து வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஓல்சன் 2011இல் வெளியிட்ட ஏப்ரல்டேக் அவற்றில் ஒன்று. அதில் 25 கட்டக் குடும்பம் இரண்டு உண்டு. தூரம் ஏழு என்றால் 242 அட்டைகள், ஒன்பது என்றால் வெறும் 35. 84 இலட்சத்திலிருந்து 35! பாதுகாப்பு கேட்கும் விலை அது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஒன்பது போதாது, ஏழு தாராளம்.

மன்னிப்பதிலும் அளவு வேண்டும். 242 அட்டைகள், நான்கு திருப்பல்கள் என 968 கோலங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் மூன்று பிழை வரை மன்னித்தால், மொத்தக் கோலங்களில் ஏறத்தாழ 7.6 சதவீதம் ஏதோ ஓர் அட்டையாக வாசிக்கப்பட்டுவிடும். யன்னல் கம்பி, சுவரிலுள்ள ஆவர்த்தன அட்டவணை, யாரோ ஒருவரின் கட்டம் போட்ட சட்டை என எது தற்செயலாகச் சதுரமாகத் தெரிந்தாலும், அன்றைக்குப் பாடசாலைக்கே வராத 31ஆம் இலக்கப் பிள்ளை பி என்று விடை சொன்னதாகத் திரையில் வரும். ஒரு பிழையை மட்டும் மன்னித்தால் அந்த வாய்ப்பு 1,300இல் ஒன்றாகச் சுருங்குகிறது. வீடியோவில் செக்கனுக்கு முப்பது படங்கள் வருவதால், ஒரே விடை பல படங்களில் திரும்ப வந்தால்தான் பதிவது என்று நிரல் எழுதினால் எஞ்சிய ஆவிகளும் ஓடிவிடும்.

இந்தத் தூரக் கணக்கின் தந்தை அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங். பெல் ஆய்வுகூடத்தில் வார இறுதிகளில் ஆளில்லாமல் ஓடிய கணிப்பொறியில் அவருடைய வேலைகளும் இருந்தன. பிழை கண்டால் அந்தப் பொறி அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் முடிந்திராது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பொறிக்கு, எங்கே இருக்கிறது என்று கண்டு திருத்த ஏன் தெரியக்கூடாது என்று எரிச்சலோடு கேட்டவர் 1950இல் விடையை வெளியிட்டார். நம் நாட்டு ஆய்வு மானிய விண்ணப்பத்தில் அவர் அதை எழுதியிருந்தால், "தேசிய அபிவிருத்திக்கு உடனடிப் பயன்" என்ற கட்டத்தில் எதை நிரப்பியிருப்பாரோ! மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாடு இது.

பிள்ளைகள் இதனால் படிக்கிறார்களா? அட்டையால் அல்ல. ஹார்வர்ட் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் பௌதிக வகுப்பில் தொடங்கிய முறை இது: கேள்வியைப் போட்டு எல்லோரையும் தனித்தனியே விடை சொல்ல வைப்பார். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்திலிருப்பவரோடு வாதாடச் சொல்லிவிட்டு மீண்டும் கேட்பார். முதலில் காகித அட்டை, பிறகு பொத்தானை அழுத்தி விடை சொல்லும் மின்கருவி. அந்தக் கருவியையும் வெறும் எழுத்து அட்டையையும் ஒப்பிட்டு நதானியேல் லாஸ்ரி 2008இல் எழுதிய கட்டுரையில் கற்றலில் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. வேலை செய்வது வாதாட்டம்தான். கருவி செய்வது, எந்த இடத்தில் வாதாடவிட வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டுவது. கை தூக்கச் சொன்னால் வழக்கமான மூன்று பேர்தான் தூக்குவார்கள். அட்டையில் மௌனமான மூலைக்கும் ஓர் எண் விழும். எல்லோருமே குருட்டாம்போக்கில் திருப்பினாலும் நாலில் ஒருவர் சரியாகிவிடுவார் என்பதால், 30க்குக் கீழே வந்தால் வாதாட்டமும் உதவாது. பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் பெரிய ஸ்மார்ட் போர்டைப் பார்த்தேன். சுபநேரம் குறித்து, எலுமிச்சம்பழம் வெட்டி, பெயர்ப்பலகை திரைநீக்கி வைத்தார்களாம். மின்சாரம் ஏறி இறங்கியதில் சில மாதங்களில் அது படுத்துவிட்டது. திருத்த ஆளில்லை. எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக ஒரு மின்னழுத்த நிலைப்படுத்தி வாங்கியிருக்கலாம். பெயர்ப்பலகை மட்டும் இன்னும் பளபளக்கிறது.

ஆசிரியையின் இரண்டாவது கேள்வி: போட்டோ கொப்பி போதுமா? போதும். கறுப்பு வெளிறிச் சாம்பலானாலும் பரவாயில்லை, பக்கத்து வெள்ளையைவிட இருண்டிருந்தால் சரி. ஆனால் கோலத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை மிச்சம் பிடிக்க நினைத்து வெட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு கட்டம் மறைந்தால் கணிதம் காப்பாற்றும். விளிம்பை விரல் மறைத்தால் நான்கு மூலைகளே கிடைக்காது, மென்பொருளுக்கு அங்கே அட்டை இருப்பதே தெரியாது. பளபளப்பான லமினேட் வேண்டாம். ஈரத்துக்குத் தடித்த மட்டையில் ஒட்டினால் போதும். பிள்ளைகளின் முழுப்பெயரை மென்பொருளில் ஏற்றவும் தேவையில்லை, இடாப்பு இலக்கம் போதும்.

இணையமே இல்லாத பாடசாலை என்றால், ஏப்ரல்டேக் போன்ற அட்டைகளை வாசிக்கும் நிரல் ஓப்பன் சிவி என்ற திறந்த மூல நூலகத்தில் இலவசமாகவே இருக்கிறது. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் இருவரிடம் ஒரு பழைய மடிக்கணினியையும் வெப்கமராவையும் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பிழையை மன்னிப்பது என்ற முடிவை மட்டும் அவர்களே பரிசோதித்து எடுக்கட்டும்.