பழைய ஹார்ப்சிகார்டைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

பழைய ஹார்ப்சிகார்டு (விரலால் கட்டையை அழுத்தினால் ஒரு முள் தந்தியை மீட்டி ஒலிக்கும், பியானோ போன்ற கருவி) ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது, அதை ஆதியில் இருந்தபடியே ஆக்கித் தர முடியுமா என்பதைத்தான். எந்த ஆதி என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆண்ட்வெர்ப் நகரத்து ரக்கர்ஸ் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டில் செய்த கருவிகளின் நாதத்துக்கு அடுத்த நூற்றாண்டுப் பாரிஸ் மயங்கிக் கிடந்தது. ஆனால் அவற்றின் ஏறத்தாழ நான்கு ஸ்தாயி வீச்சு புதிய இசைக்குப் போதவில்லை என்பதால், பெட்டியை அறுத்து அகலமாக்கி, தந்திகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகையோடு மரம் சேர்த்து, கட்டைகளின் எண்ணிக்கையை 61 வரை உயர்த்தினார்கள். இந்த வேலைக்கு ‘ரவால்மான்’ என்று பெயர். 1646இல் ஆண்ட்ரியாஸ் ரக்கர்ஸ் செய்து, 1780இல் பாரிஸ் கருவிக் கைவினைஞர் பாஸ்கல் டாஸ்கன் விரிவாக்கிய கருவி பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை 1646க்குத் திருப்புவதென்றால் டாஸ்கனின் கைவேலையை அழிக்க வேண்டும்; அன்று அறுத்தெறிந்த மரமோ திரும்ப வரப்போவதில்லை. மிஞ்சுவது நம் ஊகம் மட்டுமே. (ரக்கர்ஸ் பெயருக்குக் கிடைத்த விலைக்காகப் போலிகளும் செய்யப்பட்டன என்பதால், கருவியில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பி நான் எதையும் முடிவுசெய்வதில்லை.)

ஆகவே முதல் வேலை, பார்ப்பது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், ஒலிப்பலகையில் பிற்காலத்தில் சேர்த்த பட்டையின் இணைப்பும், குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரக்கட்டையில்) அடைத்து மூடிய பழைய ஆணித்துளைகளும் தெரியும். தந்திகள் முன்பு எங்கே ஓடின என்பதற்கு அத்துளைகளே சாட்சி. ஒலிப்பலகையில் தீட்டியிருக்கும் பூக்கள் பெரும்பாலும் நீரில் கரையும் வண்ணங்களால் ஆனவை. ஆகவே தூசு துடைக்கிறேன் என்று ஈரத்துணியை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

என் அனுபவத்தில் அதிகச் சேதம் செய்வது காலம் அல்ல, நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு. பித்தளையும் மெல்லிரும்புமாக இருந்த தந்திகளை எடுத்துவிட்டுத் தடித்த எஃகுக் கம்பிகளைப் பூட்டி, இன்றைய சுருதிக்கு முறுக்கினால், சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஒலிப்பலகை அமுங்குகிறது, பெட்டியும் முறுக்கிக்கொள்கிறது. வெந்நீரும் சூடும் பட்டால் இளகும் வஜ்ஜிரத்துக்குப் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசைக்கு) பதில் எபாக்ஸி என்ற செயற்கைப் பசையைப் பூசிவிட்டால், அடுத்து வருபவர் மரத்தைக் காயப்படுத்தாமல் அந்த இணைப்பைப் பிரிக்க வழியில்லை.

தினமும் வாசிக்கத்தான் வேண்டும் என்றால், கருவியை முழுமையாக அளந்து அதன் நகலைச் செய்துகொள்வதையே நான் பரிந்துரைப்பேன். மூலக்கருவியில் கை வைத்தே ஆகவேண்டிய நிலையில், வேலைக்கு முன்னும் பின்னும் படமெடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய தந்தித் துண்டு, தந்தியை மீட்டும் இறகு முள், அந்த முள்ளைத் தாங்கும் மரத்துண்டான ஜாக் உடைந்திருந்தால் அது என அனைத்தையும் எங்கிருந்து எடுத்தது என்ற சீட்டோடு கேட்டு வாங்கி, கருவியுடனேயே வைத்திருங்கள்.