கால்குலஸ்ல மார்க் வாங்குறது வேற, கால்குலஸ் புரியுறது வேற

எக்ஸ் ஸ்கொயரை டிஃபரன்ஷியேட் பண்ணுன்னு சொன்னா எந்த ஸ்டூடண்டும் கண்ண மூடிக்கிட்டு 2எக்ஸ்னு எழுதிடுவாங்க. சரிப்பா, எக்ஸ் 3-ஆ இருக்கும்போது 6 வருதே, அந்த 6 எதைச் சொல்லுதுன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாங்க. நான் கணக்கு டீச்சர், ஒவ்வொரு பேட்ச்லயும் இதைப் பாக்குறேன், நல்லா மார்க் வாங்குற பசங்களும் இதுல அடக்கம், அதனாலதான் எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

லிமிட், டெரிவேட்டிவ், மேக்ஸிமா மினிமா, இன்டக்ரல்னு சிலபஸ் நீளமா இருக்கும். ஆனா உள்ள ஓடுற கேள்வி ரெண்டுதான். மாறிக்கிட்டே இருக்கிற ஒண்ணு இந்த நிமிஷம் என்ன வேகத்துல மாறுது? இதுக்குப் பதில்தான் டெரிவேட்டிவ், அதைக் கண்டுபிடிக்கிறதுதான் டிஃபரன்ஷியேட் பண்றது. அந்த மாற்றத்தையெல்லாம் கூட்டுனா மொத்தம் எவ்வளவு? இதுக்குப் பதில்தான் இன்டக்ரல்.

ஒரு வண்டி கிளம்புது, டி செகண்ட்ல டி ஸ்கொயர் மீட்டர் போகுதுன்னு வெச்சுக்கோங்க. 3 செகண்ட்ல 9 மீட்டர். சரியா அந்த 3-வது செகண்ட்ல ஸ்பீட் என்ன? 9-ஐ 3-ஆல வகுத்து 3-னு சொன்னா அது சராசரி, ஸ்பீடாமீட்டர் அதைக் காட்டாது. 3.1 செகண்ட்ல 9.61 மீட்டர் போயிருக்கும், அதாவது 0.1 செகண்ட்ல 0.61 மீட்டர், ஸ்பீட் 6.1. இடைவெளிய 0.01 ஆக்குனா 6.01, 0.001 ஆக்குனா 6.001. எங்க போய் நிக்கப் போகுதுன்னு பசங்களே சொல்லிடுவாங்க. இதைக் கையால ஒரு தடவை போட்டுப் பாத்த பிள்ளைக்கு 2எக்ஸ் வெறும் ஃபார்முலா இல்ல, அந்த 6 செகண்டுக்கு 6 மீட்டர்னு தானா புரிஞ்சிடும்.

இடைவெளிய ஒரேயடியா சைபர் ஆக்குனா 0-வை 0-ஆல வகுக்கணும், அது முடியாது, அங்கதான் லிமிட் வருது, அதாவது இடைவெளி சைபரை நெருங்க நெருங்க விடை எதை நெருங்குதுங்கிறது. இதுல குழம்புற பிள்ளைய தயவுசெஞ்சு மக்குன்னு சொல்லாதீங்க. நியூட்டனும் லைப்னிட்ஸும் 17-ம் நூற்றாண்டுலயே கால்குலஸை உருவாக்கிட்டாங்க, ஆனா அந்தக் குட்டி இடைவெளி சைபரா இல்லையான்னு 1734-ல பெர்க்லிங்கிற தத்துவவாதி கேட்ட கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்க ரொம்ப காலம் ஆச்சு, 1821-ல கோஷிங்கிற கணித அறிஞர் லிமிட்டை அடிப்படையா வெச்சு பாடம் எழுதுனாரு, அதுக்கப்புறம் வையர்ஸ்ட்ராஸ்ங்கிற இன்னொரு கணித அறிஞர் அதை இன்னும் இறுக்கமாக்குனாரு. பெரிய பெரிய ஆளுங்க திணறுன இடம் அது, அதை ஒரே வாரத்துல ஓட்டிட்டு ஃபார்முலாவுக்குத் தாவுறது எனக்குச் சரியா படல.

இப்ப அதே வண்டிய திருப்பிப் பாருங்க. ஸ்பீட் 2டி, கிராஃப் போட்டா நேர்கோடு, 3 செகண்ட் வரைக்கும் கோட்டுக்குக் கீழ ஒரு முக்கோணம், அடி 3, உயரம் 6, பரப்பு 9. போன தூரமும் அதே 9 மீட்டர்! ஸ்லோப்பும் (கிராஃபோட சரிவு, அதாவது டெரிவேட்டிவ்) பரப்பும் (அதாவது இன்டக்ரல்) ஒண்ணுக்கொண்ணு தலைகீழ்னு சொல்ற ஃபண்டமென்டல் தியரம் இதுதான், கோர்ஸ்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இன்டக்ரல் விடையோட கடைசில பிளஸ் சி போட மறக்குறவங்களுக்கும் வண்டியவே காட்டுவேன், ஸ்பீட் மட்டும் தெரிஞ்சா எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு தெரியாது, அந்தத் தெரியாததுதான் சி.

வழக்கமா வழுக்குற இடங்கள்னா, சைன் எக்ஸ் ஸ்கொயரை டிஃபரன்ஷியேட் பண்ணச் சொன்னா வெறும் காஸ் எக்ஸ் ஸ்கொயர்னு எழுதிட்டு உள்ள இருக்கிற எக்ஸ் ஸ்கொயர்லேர்ந்து வர்ற 2எக்ஸை விட்டுடுவாங்க, உள்ள இருக்கிறதையும் டிஃபரன்ஷியேட் பண்ணிப் பெருக்கணும்ங்கிற செயின் ரூல் போச்சு. டெரிவேட்டிவ் சைபர்னாலே மேக்ஸிமம் இல்லேன்னா மினிமம்னு முடிவு பண்ணிடுவாங்க, எக்ஸ் கியூபுக்கு 0-ல டெரிவேட்டிவ் சைபர்தான், ஆனா அது ஏறிக்கிட்டேதான் போகும்.

இதையெல்லாம் விட பெரிய பிரச்சனை அல்ஜிப்ரா. விடைத்தாளைத் திருத்தும்போது கால்குலஸ் ஸ்டெப் கரெக்டா இருக்கும், அடுத்த வரில ரூட்டுக்குள்ள இருக்கிற 9 பிளஸ் 16-ஐ தனித்தனியா பிரிச்சு 7-னு போட்டிருப்பாங்க, சரியான விடை 5. பெத்தவங்க உடனே கால்குலஸுக்கு டியூஷன் தேடுறாங்க, ஆனா அந்தப் பிள்ளைக்குத் தேவை பின்னங்கள், அடுக்குகள், ட்ரிக்னாமெட்ரி, இந்த மூணும்தான். கோர்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லீவுல இதைச் சரி பண்ணிடுங்க, பழைய நோட்டே போதும். ஏற்கனவே கோர்ஸ் நடுவுல இருந்தா, தப்பான கணக்குகளை எடுத்து எந்த வரில தப்பு நடந்துச்சுன்னு பிள்ளையையே சிவப்புல வட்டம் போடச் சொல்லுங்க, எதைப் படிக்கணும்னு அந்த வட்டங்களே சொல்லிடும்.