ஃப்ரிட்ஜில் வைத்த சோறு சர்க்கரையைக் குறைக்குமா?

ராத்திரி வடித்த சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் சர்க்கரையே ஏறாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஏறாது என்பது பொய். கொஞ்சம் குறைவாக ஏறும் என்பது உண்மை.

அரிசி வேகும்போது மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி, உள்ளே நெருக்கமாக அடுக்கியிருந்த குளுக்கோஸ் சங்கிலிகள் குலைந்துவிடும், அதனால்தான் சுடுசோற்றுக்குள் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதி சுலபமாகப் புகுந்து மளமளவென்று சர்க்கரையாக வெட்டிப்போடுகிறது. ஆறவிட்டால் அதே சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிப் படிகமாக இறுகும். ஃப்ரிட்ஜ் சோற்றை நசுக்கினால் மசியாமல் துண்டாக உடைகிறதே, அது இந்த இறுக்கம்தான். அங்கே நொதியின் பாச்சா பலிக்காது. இறுகிய அந்த மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது.

சரி, சூடாக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா? பாதிதான் ஆகும். மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. கிளைவிட்ட அமைலோபெக்டின் கட்டிய படிகம் 50, 60 டிகிரியிலேயே இளகிவிடும், சூடாக்கிய சோறு திரும்ப மெத்தென்று ஆவது அதனால்தான். நீண்ட சங்கிலியான அமைலோஸ் கட்டிய படிகம் உருக 120 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆவியில் வைத்தால் அசையாது. ஆகவே அமைலோஸ் அதிகமுள்ள, உதிரியாக வரும் அரிசியில் பலன் கூடுதல். ஒட்டரிசியில் அமைலோஸே கிட்டத்தட்ட இல்லை, அதை எத்தனை நாள் குளிரில் வைத்தும் பெரிய பிரயோசனமில்லை.

எவ்வளவு பலன்? 2015-ல் வெளியான இந்தோனேசிய ஆய்வு ஒன்றில் 100 கிராம் சுடுசோற்றில் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம் இருந்தது. 24 மணி நேரம் 4 டிகிரியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொன்னால் பிரமாதமாக இருக்கும், ஆனால் 100 கிராம் சோற்றில் மொத்த மாவுச்சத்து சுமார் 28 கிராம், அதில் கூடுதலாகத் தப்பித்தது வெறும் ஒரு கிராம். அதே ஆய்வில் 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அந்தத் தைரியத்தில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கணக்கு நேர்.

அப்புறம், இதற்காகச் சோற்றை ராத்திரி முழுக்க அடுப்படியில் ஆறவிட்டுவிட்டு காலையில் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது, வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும், அது விடும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள்.