தேவரடியார்: தொலைந்துபோன ‘ஆர்’

சில சொற்களைக் கல்வெட்டில் பார்த்தால், வாய்விட்டுப் படிக்க ஒரு கணம் தயக்கம் வரும். ‘தேவரடியார்’ அப்படிப்பட்ட சொல். தெருச்சண்டையில் பெண்களை நோக்கி வீசப்படும் ஒரு வசை இதன் சிதைந்த வடிவம்தான். நடுவில் இருந்த ‘ர’ உதிர்ந்தது, கடைசியில் இருந்த ‘ஆர்’ போனது, மிச்சம் வசையாகி நின்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இதே சொல்லைக் கோயில் சுவரில், அங்கே பணிசெய்த பெண்களின் பெயரோடு சேர்த்து, எந்தக் கூச்சமும் இல்லாமல், மதிப்போடு வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பிரித்துப் பார்த்தால் தேவர் + அடியார். அடி என்றால் பாதம். அடியார் இறைவனின் பாதத்தைப் பற்றிக்கொண்டவர். சைவத்தில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. நாயன்மார்களை நாம் அடியார் என்றுதான் சொல்கிறோம். அவர்களை வரிசையாகச் சொல்லி ‘அடியேன், அடியேன்’ என்று பாடியதுதான் சுந்தரரின் திருத்தொண்டத் தொகை. விஷ்ணு கோயில்களில் இதே பொருளில் ‘எம்பெருமானடியார்’ என்ற சொல் வழங்கியது. கோயில் பெண்ணுக்கு வைத்த ‘ஆர்’, நாயனார் என்பதில் உள்ள அதே ‘ஆர்’.

அப்புறம் இந்தப் பெண்களை இன்று நாம் சொல்லும் ‘தேவதாசி’ எங்கிருந்து வந்தது? அது வடசொல். தாசி என்றால் பணிப்பெண், அடிமைப்பெண். சொல் மிகப் பழையது. சத்தீஸ்கரில் ராம்கர் மலையின் ஜோகிமாரா குகையில் பிராமி எழுத்தில் ஒரு சின்னக் காதல் குறிப்பு இருக்கிறது. சுதனுகா என்ற தேவதாசியை வாரணாசிக்காரன் தேவதின்னன் விரும்பினான் என்று அது சொல்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். ஆனால் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘தேவதாசி’ அரிதிலும் அரிது. கல்வெட்டு ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது. இன்னொன்றையும் கவனியுங்கள். தாசன் என்றால் இன்றும் பக்தன். புரந்தரதாசரையும் கனகதாசரையும் கைகூப்பித்தான் சொல்கிறோம். அதன் பெண்பாலுக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொரு சொல் வருகிறது: ‘தளிச்சேரிப் பெண்டுகள்’. தளி என்றால் கோயில், கற்றளி (கற்கோயில்) என்பதில் உள்ள தளி. சேரி என்றால் அன்று சேர்ந்து வாழும் தெரு. கம்மாளர் வாழ்ந்த தெரு கம்மாணச்சேரி. பெண்டு என்பதும் அன்று இயல்பான, நல்ல சொல். இந்த மூன்றில் சேரியும் இன்று இறங்கிப்போன சொல்லாகிவிட்டது, கவனித்தீர்களா?

முதலாம் இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வாக்கில், திருச்சுற்றுச் சுவரில் வெட்டிய நீளமான கல்வெட்டு அது. திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம் என்று சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து ஏறத்தாழ 400 பெண்களை அழைத்து வந்து, பெரிய கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியமர்த்திய கணக்கு. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிவு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வீட்டோடு பங்கு ஒன்று. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல்; கலம் என்பது பழைய முகத்தல் அளவு. ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை நியமிக்க வேண்டும். நடனம் கற்பிக்கும் நட்டுவனார், பாடுவோர், தையல்காரர், தச்சர், கணக்கர் என்று மற்றவர்களும் இதே கல்வெட்டில்தான் வருகிறார்கள். கோயில் ஊழியர் பட்டியல் இது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய 400 பெண்கள் முகவரியோடு நமக்குக் கிடைப்பது சாதாரண விஷயம் அல்ல. பெரிய கோயிலைப் பற்றிப் பேசும்போது விமானத்தின் உயரத்தையே பேசி இந்தச் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறோம், எனக்கு அது பெரிய ஆதங்கம்.

வேறு கல்வெட்டுகளில் தேவரடியார்கள் கொடையாளிகளாகவும் வருகிறார்கள். அணையாமல் எரியும் நந்தாவிளக்கின் நெய்க்காக ஆடு விட்டிருக்கிறார்கள், பொன் கொடுத்திருக்கிறார்கள். கையில் சொத்து இல்லாமல் இதெல்லாம் முடியாது. கணவன் இல்லாதவர் என்ற பொருளில் ‘பதியிலார்’ என்றும் ஒரு பெயர் உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தில் சுந்தரரின் மனைவி பரவையாரை உருத்திரகணிகையராகிய பதியிலார் குலத்தில் பிறந்தவர் என்று பெருமையாகவே அறிமுகப்படுத்துகிறார்.

சரி, எல்லாம் பொற்காலமா என்றால், இல்லை. பெண்களைக் கோயிலுக்கு விற்ற செய்தியும் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. ஒரே சொல்லின் கீழ் சொத்துள்ள பெண்ணும், விலைக்குப் போன பெண்ணும் இருந்திருக்கிறார்கள். பின்னாளில் அரசர்களும் நிலக்கிழார்களும் கோயில் பெண்களைத் தம் உடைமையாக்கிக்கொண்டபோது சொல்லும் அவர்களோடு சேர்ந்து இழிந்தது. சீர்திருத்தவாதிகளான முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எதிர்த்துப் போராடியது இந்தப் பிற்கால நிலையைத்தான். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கை, சென்னை மாகாணம் சட்டமிட்டுத் தடுத்தது, நல்ல காரியம். சொல்லின் பழைய மதிப்பைப் பேசுவது அந்த வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குவது ஆகாது.

ஆகவே சோழர் காலத்தைப் பற்றி எழுதும்போது ‘தேவதாசி’ வேண்டாம். அந்தந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறதோ அதையே எழுதலாம்: தேவரடியார், தளிச்சேரிப் பெண்டுகள், பதியிலார். பொதுவாக ஒரே சொல் வேண்டுமென்றால் ‘கோயிற்பெண்டிர்’ சரியாக இருக்கும். 19, 20ஆம் நூற்றாண்டுச் சட்டத்தையும் சீர்திருத்தத்தையும் பேசும்போது ‘தேவதாசி’ இருக்கட்டும். அங்கே அதுதான் சட்டமும் சீர்திருத்தவாதிகளும் பயன்படுத்திய சொல். எங்கே எழுதினாலும் அந்த ‘ஆர்’ மட்டும் விட்டுப்போகக் கூடாது.

தஞ்சைச் சுவரில் உள்ள பெயர்களில் சோழசூளாமணி உண்டு, தில்லையழகி உண்டு. ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். ஆடவல்லான், அதாவது நடராசர், தூக்கி நிற்கிறானே, அந்த இடது கால். அடியார் என்ற சொல்லில் இருக்கும் அடியும் அதுதான்.