எமுலேட்டரில் ஓடிய நிரல் போர்டில் ஏன் நிற்கிறது?

எம்பெடட் பணிக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு நிரல் எழுதும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், வேறொரு செயலியை நம் கணினியில் மென்பொருளாகவே நடித்துக்காட்டும் கியூஎமு எமுலேட்டரில் சோதனை நிரல் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அப்படி எண்ணி மூன்று நாட்களை இழந்தவன் நான்.

ஏஆர்எம் செயலியில், இயங்குதளம் ஏதுமின்றி நேரடியாக ஓட வேண்டிய சிறு நிரல் அது. கியூஎமுவில் எத்தனை முறை ஓட்டினாலும் சரியான விடை வந்தது. அந்தச் செயலி பொருத்திய உண்மையான சுற்றுப் பலகையான போர்டில் ஒரு முறை வரும், மறுமுறை உறைந்து நிற்கும். தொடக்க மதிப்பு கொடுக்காத குளோபல் மாறிகள் (எல்லாச் செயல்கூறுகளுக்கும் பொதுவானவை) பூஜ்யமாக இருக்கும் என்று சி மொழி உறுதியளிக்கிறது. ஆனால் இயங்குதளம் இல்லாத இடத்தில் அந்த நினைவகப் பகுதியைப் பூஜ்யமாக்குவது நாம் எழுதும் தொடக்கக் கோடின் பொறுப்பு. அந்தச் சில வரிகளை நான் எழுதவே இல்லை. கியூஎமு தன் ரேமுக்கான இடத்தை லினக்ஸிடம் கேட்டு வாங்குகிறது, லினக்ஸோ புதிய பக்கங்களைத் துடைத்துத்தான் தரும் என்பதால், என் பிழை அங்கே தலைகாட்ட வழியில்லை. போர்டின் ரேமில் கண்ட மதிப்பும் கிடக்கும். அணைத்த உடனே மீண்டும் போட்டால் முந்தைய ஓட்டத்தின் மிச்சம்கூட இருக்கும்.

இப்போது, முதல் கட்டளைக்கு முன்பே செயலியை நிறுத்திவைக்கும் பெரிய எஸ் (-S) விருப்பத்தோடு கியூஎமுவைத் தொடங்கி, பிழை தேடும் கருவியான ஜிடிபியை இணைத்து, அந்த நினைவகப் பகுதியைக் குப்பை மதிப்புகளால் நிரப்பிய பிறகே நிரலை ஓடவிடுகிறேன். (ஜிடிபிக்கு வழி திறக்கும் சிறிய எஸ் (-s) விருப்பம் டிசிபி 1234 என்ற இணைப்பு எண்ணில் எல்லா வலையமைப்பு இடைமுகங்களிலும் காத்திருக்கும், கடவுச்சொல்லும் கேட்காது, அலுவலக வலையமைப்பில் லோக்கல்ஹோஸ்ட் (நம் கணினி மட்டும்) என்று குறிப்பிட்டே திறந்துகொள்ளுங்கள்.)

போர்டு எழுத்துகளைக் கம்பி வழியே அனுப்பும் சீரியல் வெளியீட்டிலும் இதே கதைதான்: பாட் வேகத்தை, அதாவது அனுப்பும் வேகத்தை அமைக்க மறந்தாலும் கியூஎமு எழுத்துகளைத் திரையில் காட்டிவிடும்.

இவற்றைவிடச் சிக்கலானது கேஷ், அதாவது ரேமில் உள்ளதன் நகலைச் செயலி தன் அருகே வைத்துக்கொள்ளும் வேகமான சிறு நினைவகம். கியூஎமு விருந்தினர் செயலியின் (அது நடித்துக்காட்டும் செயலியின்) கட்டளைகளை நம் கணினியின் கட்டளைகளாக மொழிபெயர்த்து ஓட்டுகிறதே தவிர, அந்தச் செயலியின் கேஷை உருவகப்படுத்துவதில்லை. டிஎம்ஏ வழியாக, அதாவது செயலியைத் தாண்டி நேரடியாக, ஒரு சாதனம் ரேமில் எழுதியதை, கேஷிலுள்ள பழைய நகலைச் செல்லாததாக்காமல் படித்தாலும், எமுலேட்டரில் புதிய மதிப்பே கிடைக்கும். போர்டிலோ பழையது கிடைக்கலாம். இந்தப் பிழையைக் குப்பை நிரப்பியும் பிடிக்க முடியாததால், டிஎம்ஏ தொடர்பான சோதனைகளை மட்டும் நான் முதல் நாளிலிருந்தே போர்டில் ஓட்டுகிறேன்.