யூரோப் கோர்ட் ஒன்றல்ல, இரண்டு

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கத்துப் பெற்றோர் கோப்போடு என் அலுவலகத்துக்கு வருவார்கள். "மகன்ட அகதி கேஸ் அங்க ரிஜெக்டாம் சேர். இனி யூரோப் கோர்ட்டுக்குப் போடலாமாம்தானே?" எந்தக் கோர்ட் என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம். 1950இல் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் கீழ் 46 நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. லக்சம்பேர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அதற்கு 27 நாடுகள். பிரான்சும் ஜேர்மனியும் இரண்டுக்கும் உட்பட்டவை. சுவிஸ், பிரித்தானியா என்றால் ஸ்ட்ராஸ்பேர்க் மட்டும்தான். அங்கே பாதிக்கப்பட்டவரே மனுப் போடலாம். அகதி வழக்கில் லக்சம்பேர்க்குக்குக் கேள்வி அனுப்புவது அந்தந்த நாட்டு நீதிமன்றம். அதை நம் பிள்ளை நேரே போய்த் தட்ட முடியாது.

இரண்டுக்கும் இடையில் யார் பெரியவர்? யாருமில்லை. ஒன்றியச் சட்டப்படி ஒரு நாடு நடந்தால் உரிமைகளுக்குச் சமவாயம் தருவதற்குச் சமமான பாதுகாப்பு இருப்பதாகவே கொள்ளலாம் என்று 2005இல் ஸ்ட்ராஸ்பேர்க் விட்டுக்கொடுத்தது. ஆனால் 2011 ஜனவரியில், அகதி வழக்கை எந்த நாடு பார்க்க வேண்டும், பெரும்பாலும் முதலில் நுழைந்த நாடே, என்று சொல்லும் டப்ளின் விதியைக் காட்டி ஆப்கானியர் ஒருவரைக் கிரேக்கத்துக்கு அனுப்பிய பெல்ஜியத்தை அது விடவில்லை. அனுப்பாமல் வைத்துக்கொள்ளவும் அதே விதியில் இடம் இருந்ததே! அந்த டிசம்பரிலேயே லக்சம்பேர்க்கும் இதே வழிக்கு வந்தது. 2014இலோ, ஒன்றியம் சமவாயத்தில் சேர்வதற்கான வரைவை லக்சம்பேர்க் தடுத்துவிட்டது. சட்டக் காரணங்கள் நிறையச் சொன்னார்கள். எனக்கென்னவோ கௌரவப் பிரச்சினையும் தெரிகிறது.

நம்மவர் வழக்கும் உண்டு. சுவிஸ் திருப்பியனுப்பிய தமிழர் ஒருவர் இங்கே தடுத்துவைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டதற்குச் சுவிஸையே பொறுப்பாளியாக்கியது ஸ்ட்ராஸ்பேர்க், 2017இல்.

அந்த நாட்டில் போடக்கூடிய மேன்முறையீடெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்ட்ராஸ்பேர்க். கடைசித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதம். 2022 பெப்ரவரிக்கு முன் ஆறு மாதம் இருந்தது. பழைய கணக்கை நம்பி இருந்துவிட வேண்டாம். நாடுகடத்தல் நெருங்கினால் அந்த நீதிமன்றத்தின் 39ஆம் விதியின் கீழ் இடைக்காலத் தடை கேட்கலாம், எல்லோருக்கும் கிடைக்காது.

அப்புறம், வழக்குக்குத் துணையாக என்னிடம் கேட்கும் கடிதம். "கொஞ்சம் பலமா எழுதுங்க சேர்" என்பார்கள். எழுத மாட்டேன். சம்பவம் நடந்த ஆண்டை விசாரணையில் பிள்ளை 2008 என்று சொல்லியிருக்க, என் கடிதத்தில் 2009 என்று இருந்தால் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு தந்த முறைப்பாட்டு இலக்கம், தடுப்பில் பார்த்தபோது செஞ்சிலுவைக் குழு கொடுத்த அட்டை இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள். பிள்ளை அங்கே கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியையும் எடுத்துவந்தால்தான் நான் பேனாவை எடுப்பேன்.